மாமனாரின் அரைக் கிளாஸ்

சாப்பிடுகிறவர்கள் ஒரு வகை. சமைக்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையாலும் உலகத்துக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. தானே ஒன்றைச் செய்து, தானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் அதை வாயில் வைத்து, விழுங்கி, அது தொண்டைக்குழியைத் தாண்டி இறங்கும் வரைக்கும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற வகை. இதில் ஊறுகாய் போடுகிறவர்கள் உண்டு, கேக் சுடுகிறவர்கள் உண்டு, தோட்டத்துத் தக்காளியை அறுத்து உப்புத் தூவி நீட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் இவர்கள் எல்லோரையும் ஓரமாக உட்காரவைக்கக்கூடிய, முழு வளர்ச்சி அடைந்த பிராணி ஒன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கார் ஷெட்டுகளுக்குள் வசிக்கிறது. அவர்தான் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர். அதிலும் பேல் ஏல் என்கிற கசப்பு பீரைக் காய்ச்சுகிறவர்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பனி கொட்டுகிற காலத்தில் தெருவில் நடந்து போங்கள். எந்த வீட்டில் ஷெட் இருந்தும் கார் வெளியே பனிக்குள் புதைந்து கிடக்கிறதோ, எந்த வீட்டு அம்மாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே ஷெட்டைப் பார்த்து ஏதோ முணுமுணுக்கிறாரோ, அதுதான் வீடு. கார் நிற்க வேண்டிய இடத்தில் எரிவாயு அடுப்பும், கல்யாணச் சமையலுக்கு ஆகும் அளவுக்குப் பானைகளும், முளைகட்டிக் காயவைத்த பார்லி மூட்டைகளும், கசப்புக்கும் வாசத்துக்கும் போடுகிற ஹாப்ஸ் பூப் பொட்டலங்களும், இவற்றுக்கு நடுவில் கம்பளி போர்த்திய ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையும் குடியிருக்கும். குடுவைக்கு எதற்குக் கம்பளி என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

அந்தக் குடுவையின் தலையில் ஒரு சின்னக் குழாய் செருகியிருக்கும். உள்ளே ஈஸ்ட் நுரைத்துப் பொங்கும்போது, காற்று அதன் வழியாக 'குளுக்' என்று வெளியே வரும். நம்மவர் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து குளுக்கைக் கேட்பார். குளுக் நின்றுவிட்டால் சாப்பாடு இறங்காது. மறுபடி குளுக் வந்துவிட்டால், சமையலறைக்கு ஓடிவந்து மனைவியிடம், "வேலை செய்யுது!" என்பார்.

"அதுவாவது செய்யுதே," என்பார் மனைவி.

சுத்தம் வேறு. வீட்டில் அவர் ஒரு கரண்டியைக் கழுவி யாரும் பார்த்ததில்லை. ஆனால் பீர் வாளியை அவர் கழுவுகிற அழகைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் கை கழுவுகிற டாக்டர்கள் வெட்கப்படுவார்கள். நாய் ஷெட்டுக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. மனைவி தும்மக்கூடாது. ஏன், அவரே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மூடியைத் திறப்பார்.

இதெல்லாம் அவருக்கும் குடுவைக்கும் இடையில் உள்ள விவகாரம். நமக்கு ஆபத்து வருவது கிளாஸ் கைக்கு வரும்போதுதான். கேட்டவுடன் ஊற்றிக் கொடுத்துவிடுவார் என்றா நினைத்தீர்கள்? முதலில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டுவார். பெண் பார்க்கப் போன வீட்டில் போல நீங்கள் ஒரு மரியாதையான பார்வை பார்க்க வேண்டும். அப்புறம் மூக்கு. அதற்கும் அப்புறம்தான் வாய். அது வாய்க்குப் போகும் முன்பே அவர் தானாகக் குற்றப்பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிடுவார். "இந்தத் தடவை ஷெட்டுல கொஞ்சம் சூடு ஏறிப்போச்சு. ஹாப்ஸ் இன்னும் ஒரு கை போட்டிருக்கணும். நுரையும் சரியா நிக்கல. போன தடவை வந்தது பாருங்க, அதுதான் பீர். அது தீர்ந்துபோச்சு."

எப்போதும் போன தடவை வந்ததுதான் பீர். எப்போதும் அது தீர்ந்துதான் போயிருக்கும்.

அவர் சொன்னதை நம்பி, "ஆமாங்க, நுரை கொஞ்சம் குறைச்சல்தான்" என்று நீங்களும் சொல்லிவைத்தீர்களோ, தொலைந்தீர்கள். அவர் எதிர்பார்த்தது ஆமோதிப்பு அல்ல, மறுப்பு. அதற்காக ஒரேயடியாகப் புகழ்ந்தாலும் விடமாட்டார். "எதனால நல்லா இருக்கு? சொல்லுங்க, எந்த இடத்துல நல்லா இருக்கு? நாக்கு நுனியிலயா, ஓரத்திலயா?" என்று குறுக்கு விசாரணை நடக்கும். அனுபவசாலிகள் கிளாஸை வாங்கியதும், "அட, இதை வீட்டுலயேவா செஞ்சீங்க!" என்பார்கள். இதில் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை, பொய்யும் இல்லை. விஸ்கான்சின்காரர்களின் நாகரிகத்தை இந்த ஒரு வாக்கியத்தில் மொத்தமாக அடக்கிவிடலாம்.

இந்த இனத்தின் நல்ல மாதிரியாக டேரில் கோப்கியை எடுத்துக்கொள்வோம். ஆலங்கட்டி மழை பெய்து முடிந்ததும், காப்பீட்டுக் கம்பெனி சார்பில் ஏணியோடு போய் ஊரான் கூரையில் சேதம் தேடுவது அவருக்குத் தொழில். ஊரான் பீரில் குறை தேடுவது பொழுதுபோக்கு. மாவட்டத்தில் வீட்டு பீர்க்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. பந்து உருட்டி விளையாடுகிற கூடம் ஒன்றின் பின்கட்டில் கூடும். அதில் டேரில் பரீட்சை எழுதித் தேறிய நீதிபதி. ஒரு மிடறு குடித்துவிட்டு, காய்ச்சியவன் எந்தக் கட்டத்தில் அவசரப்பட்டான், எந்தப் பானையைச் சரியாகக் கழுவவில்லை என்று ஜோசியம் மாதிரி சொல்லிவிடுவார்.

அவருடைய பேல் ஏல் மோசமா? சத்தியமாக இல்லை. செம்பு நிறத்தில், கண்ணாடி மாதிரி தெளிவாக, கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே அந்த வாசத்தோடு, நாக்கில் நின்று பேசுகிற கசப்போடு, குறை என்று ஒன்று தேடினாலும் கிடைக்காத பீர். மாவட்டப் பொருட்காட்சியில் முதல் பரிசாக நீல ரிப்பன் வாங்கியது. அந்த ரிப்பனை அவர் ஷெட்டில் கல்யாணப் போட்டோவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். (கல்யாணப் போட்டோ ஏன் ஷெட்டில் இருக்கிறது என்று அவர் மனைவி ரோண்டாவிடம் கேட்காதீர்கள்.)

ஆனால் ரிப்பன் கொடுத்தவர்கள் யார்? அவரைப் போலவே ஷெட்டுகளில் வசிக்கிறவர்கள். டேரிலின் மனசுக்கு அது போதவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு கிளாஸை அடிவரை குடிப்பது. அந்த ஆள் அவர் மாமனார்.

மாமனார் வெர்லின் ஷூமாக்கர் ஆயுசு முழுக்கப் பால் பண்ணை நடத்தியவர். மாடுகளை விற்றுவிட்டு ஓய்வாக இருக்கிறார் என்று பேர். இன்னும் விடியும் முன்பே எழுந்து, கறக்க மாடு இல்லாமல் வாசலில் நின்று வானத்தைத் திட்டிவிட்டு உள்ளே போகிறவர். வெண்ணெய்க்குப் பதிலாக மார்கரின் என்கிற போலி வெண்ணெய் வைத்த ஒரு கல்யாண விருந்தில், பெண்ணின் தகப்பனாருக்குத் துக்கம் விசாரிப்பதுபோல் கை கொடுத்துவிட்டுப் பாதியில் எழுந்து வந்தவர். பீர் என்றால் அவருக்கு மளிகைக் கடையில் அட்டைப்பெட்டியோடு விற்கிற மஞ்சள் டப்பா பீர்தான். அதில் என்ன ருசி இருக்கிறது என்று டேரில் ஒருமுறை கேட்டதற்கு, "ருசி எதுக்கு மாப்ளே, பீர்தானே?" என்று கேட்டவர்.

கல்யாணமான நாளிலிருந்து, பண்டிகைக்குப் பண்டிகை, டேரில் மாமனாருக்குத் தன் பேல் ஏலை ஊற்றிக் கொடுத்து எதிரே நிற்பார். மாமனார் இரண்டு மிடறு குடிப்பார். "ம்" என்பார். அந்த "ம்"முக்கு என்ன பொருள் என்று டேரில் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும்போதே, கிளாஸை வீட்டுப் பின்பக்க மரத்தளத்தின் கைப்பிடிக் கட்டைமேல் வைத்துவிட்டு, "கார் ஓட்டணும் மாப்ளே" என்பார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கார் ஓட்டுவதே இல்லை. ரோண்டாதான் கூட்டிவந்து கொண்டுபோய் விடுகிறார். கார் ஓட்ட வேண்டிய மனிதர் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் டப்பா ஒன்றை உடைக்கிற சத்தம் கேட்கும்.

எல்லோரும் போன பிறகு டேரில் அந்த அரைக் கிளாஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "ரோண்டா, இங்க பாரேன். ஈஸ்டருக்கு வச்சதைவிட ஒரு விரல் கம்மியா இருக்கு."

"அது குளவி குடிச்சது," என்பார் ரோண்டா.

கோடை வந்தது. மாமனாருக்குப் பிறந்தநாள் வந்தது. விருந்து டேரில் வீட்டில். இந்தத் தடவை விடுவதில்லை என்று இரண்டு மாதம் முன்பே காய்ச்சி, பீப்பாயில் அடைத்து, பொத்திப் பொத்தி வளர்த்துவைத்திருந்தார்.

விருந்துக்கு முந்தின நாள்தான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். வேறு எந்த இனத்துக்கும் செய்யத் தோன்றாத தப்பு.

சங்கத்தில் புதிதாக நீதிபதி ஆக ஆசைப்பட்ட நாலைந்து பேருக்கு அன்று டேரிலின் ஷெட்டில் வகுப்பு. குறைகளை அடையாளம் காண்கிற வகுப்பு. இதற்கென்றே சின்னச் சின்னக் குப்பிகள் விற்கின்றன. ஒரு ஜாடி பீரில் ஒரு குப்பியை உடைத்துக் கலக்கினால், அந்தக் குறை அப்படியே வரும். ஒன்றில் வெந்த மக்காச்சோள வாசம், ஒன்றில் பச்சை ஆப்பிள், ஒன்றில் நனைந்த அட்டைப்பெட்டி, ஒன்றில் வெண்ணெய். பணம் கொடுத்து வாங்கி, நல்ல பீரைக் கெடுத்து, சுற்றி உட்கார்ந்து முகத்தைச் சுளிக்கப் பழகுகிறார்கள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் நடக்கிறது.

"கடை பீர்லயே கலக்கிக்கலாமே தலைவரே," என்றார் லோனி. டேரிலின் பக்கத்து வீட்டுக்காரர், சிஷ்யர், எதைக் குடித்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர்.

"கடை பீர்ல ஏற்கெனவே ஆயிரம் குறை. நாம போட்டது எது, அவன் போட்டது எதுன்னு எப்படித் தெரியும்? என் பீர்ல போட்டாத்தான் குறை தனியாத் தெரியும்," என்று டேரில் பீப்பாயைத் திறந்துவிட்டார். பெருமை! வேறென்ன?

வகுப்பு நடந்தது. வெண்ணெய் ஜாடி வந்தபோது டேரில் எழுந்தே நின்றுவிட்டார். "இதை மட்டும் மன்னிக்கவே கூடாது. வெண்ணெய் வாசம் வந்தா என்ன அர்த்தம்? காய்ச்சினவனுக்குப் பொறுமை இல்லைன்னு அர்த்தம். ஈஸ்ட் வேலையை முடிக்கறதுக்குள்ள அடைச்சுட்டான்னு அர்த்தம். மூஞ்சியைச் சுளிங்க. இன்னும் நல்லா. லோனி, உனக்குச் சுளிக்கவே வரலையே!"

"நல்லா இருக்கே தலைவரே."

"அதான் உன் வியாதி."

மற்ற ஜாடிகளையெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துத் தீர்த்தார்கள். வெண்ணெய் ஜாடி மட்டும் நிறைய மிஞ்சியது. கொட்டியிருக்கலாம். ஆனால் தன் கையால் காய்ச்சியதைச் சாக்கடையில் கொட்டுகிற ஆள் இந்த இனத்தில் இன்னும் பிறக்கவில்லை. கெட்டுப்போனாலும், புளித்துப்போனாலும், தானே கெடுத்திருந்தாலும், "இருக்கட்டும், பார்த்துக்கலாம்" என்றுதான் கை போகும். டேரிலின் கையும் போனது. ஜாடி ஷெட்டு ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தது. பக்கத்திலேயே, பிரிக்காத வெண்ணெய்க் குப்பி ஒன்று.

மறுநாள் விருந்து. டேரில் மரத்தளத்தின் ஓரத்தில் அடுப்பருகே நின்று பன்றிக்கறித் தொத்திறைச்சியைக் கரியில் வாட்டிக்கொண்டிருந்தார். லோனி சோளக்கதிர்களை உருக்கிய வெண்ணெயில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். ரோண்டாவின் பெரியம்மா சித்தப்பா எல்லோரும் மேப்பிள் மர நிழலில் வரிசையாக நாற்காலி போட்டு, சோளத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் யாருடைய மாடு யாருடைய வேலியைத் தாண்டியது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பிறந்தநாள்காரர்.

"ரோண்டா, என் டப்பா எங்கம்மா?"

"ஐயோ, உங்க வீட்டிலயே வச்சிட்டு வந்துட்டேன்பா. இருங்க, வேற ஏதாவது கொண்டுவர்றேன்."

ரோண்டா ஷெட்டுக்குப் போனார். பீப்பாய்க் குழாயைத் தொட்டால் கணவர் ஓடிவந்துவிடுவார். கிளாஸை இப்படிச் சாய், இப்படித் திருப்பு என்று தொடங்கி, ஹாப்ஸ் எந்த மலைச்சரிவில் விளைந்தது என்பது வரை போய்விடும். அதற்குள் அப்பாவுக்குத் தொண்டை வறண்டுவிடும். ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஜாடி இருந்தது. பார்த்தால் பீர் மாதிரித்தான் இருந்தது. வந்து எல்லோருக்கும் சத்தமில்லாமல் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

டேரில் தற்செயலாகத் திரும்பினார். மாமனார் கையில் செம்பு நிறத்தில் ஒரு கிளாஸ். தன் பீர்! யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று யோசிப்பதற்குள் மாமனார் குடித்தார். பேசினார். மறுபடி குடித்தார். கைப்பிடிக் கட்டையின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"தலைவரே, கருகுது," என்றார் லோனி.

"இரு."

"தலைவரே, தீ பிடிக்குது."

"இருய்யா! பாதியைத் தாண்டிட்டார்!"

மாமனார் அண்ணாந்தார். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. கிளாஸ் கீழே வந்தபோது அதில் நுரைக்கோடு மட்டும் இருந்தது. டேரிலுக்குக் கண் கலங்கிவிட்டது. புகையால் என்று லோனி நினைத்துக்கொண்டார்.

மாமனார் எழுந்து, காலிக் கிளாஸோடு தானே நடந்து வந்தார். "மாப்ளே, இன்னொண்ணு ஊத்து. இத்தனை வருஷமா பைன் மரப் பட்டையைக் கரைச்சுக் கரைச்சுக் குடுத்தியே, இப்பத்தான் உனக்குக் கை வந்திருக்கு."

அந்த நிமிடத்தில் டேரிலிடம் வீட்டை எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். ஓடினார். புதுக் கிளாஸ் எடுத்தார். பீப்பாயிலிருந்து ஊற்றினார். நுரையைச் சீவினார். கொண்டுவந்து நீட்டிவிட்டு, எதிரே நின்று, கண் இமைக்காமல் பார்த்தார்.

மாமனார் ஒரு மிடறு குடித்தார். புருவம் சுருங்கியது. "இது அது இல்ல மாப்ளே."

"அதேதான் மாமா."

"பாலை மோந்து பாத்தே மாடு எந்தக் கொல்லையில மேஞ்சுதுன்னு சொல்றவன்கிட்ட கதை விடாதே. அதுல ஒரு இது இருந்துச்சு. இதுல அந்த இது இல்ல."

டேரில் பழைய காலிக் கிளாஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அவ்வளவுதான். இத்தனை வருஷப் பயிற்சி வீண்போகவில்லை. முகம் தானாகச் சுளித்தது. லோனியும் வாங்கி மோந்தார். "ஆகா, தலைவரே! நம்ம வெண்ணெய்க் கு..." என்று தொடங்கியவர், காலில் டேரிலின் பூட்ஸ் ஏறியதால் முடிக்கவில்லை.

"ஒரு நிமிஷம் மாமா," என்று டேரில் ஷெட்டுக்குள் பாய்ந்தார். லோனி நொண்டிக்கொண்டே பின்னால் போனார்.

ஜாடி காலி. நிழலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதைத்தான் குடித்திருந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பாவம், அவர்கள் வகுப்புக்கு வந்ததில்லை. டேரில் ஜாடியை எடுத்துப் பீப்பாயிலிருந்து நிரப்பினார். மிச்சமிருந்த குப்பியை எடுத்தார். ஜாடியின் மேல் பிடித்தார்.

"தலைவரே, வேணாம். நாமளே கலந்து குடுக்கறதா? சங்கத்துல தெரிஞ்சா என்ன ஆகும்?"

"சங்கமா எனக்குப் பொண்ணு குடுத்துச்சு?"

"நேத்துத்தான் மன்னிக்கவே கூடாதுன்னு சொன்னீங்க."

"நேத்து அவர் குடிக்கலையே!"

வாசலில் நிழல் விழுந்தது. ரோண்டா. "எங்கப்பாவுக்கு என்னத்தைக் கலக்கறே?"

டேரில் சொன்னார். ரோண்டா குப்பியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "உடம்புக்கு ஏதாவது செய்யுமா?"

"உடம்புக்கு ஒண்ணும் செய்யாது. என் மானத்துக்குத்தான்."

"அப்ப தாராளமா ஊத்து," என்றார் ரோண்டா.

ஊற்றினார். சாவு வீட்டில் நிற்கிற முகத்தோடு கலக்கினார். ஒரு கிளாஸில் ஊற்றி, ஜாடியோடு கொண்டுபோனார். மாமனார் குடித்தார், முகம் மலர்ந்தது. "இதான்! இந்த இதுதான்!" முக்கால்வாசி ஒரே மூச்சில் இறங்கியது. இன்னும் ஒரு மிடறு போனால் போதும். அப்போது மாமனார் கிளாஸை இறக்கிவிட்டு, "ஆமா, இதுல அப்படி என்ன போட்டே?" என்று கேட்டார்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கல்யாணமானதிலிருந்து மாமனார் அவரிடம் பீரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி இது. கேள்வி கேட்கப்பட்டுவிட்டது, இந்த இனத்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? மூச்சை இழுத்து டேரில் ஆரம்பித்தார். ஈஸ்ட் என்றால் என்ன, அது அவசரப்பட்டால் என்ன கக்குகிறது, பொறுமையாக இருந்தால் கக்கியதை எப்படித் தானே தின்று தீர்க்கிறது, தீர்க்காவிட்டால் என்ன வாசம் வரும், அந்த வாசத்தைச் சங்கம் எந்தக் கண்ணால் பார்க்கிறது, அதைத் தானே குப்பியில் வாங்கிக் கலந்தது வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "வெண்ணெய் வாசம் மாமா. அது ஒரு குறை," என்றார்.

 மேப்பிள் மரத்தடியில் சோளம் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடித்தபடியே திரும்பினார்கள்.

"என்ன சொன்னே?" என்றார் மாமனார்.

"குறை மாமா."

"வெண்ணெய் குறையா?"

"பீர்ல வந்தா..."

"ஏய், நாப்பது வருஷம்! விடியறதுக்கு முன்னாடி எழுந்து, பனியில வழுக்கி வழுக்கித் தொழுவத்துக்குப் போய், மடி கழுவிக் கறந்து, அந்தக் குறையை வித்துத்தான் இவளைப் படிக்க வச்சேன். அந்தக் குறையை வித்துத்தான் உனக்கு இவளைக் கட்டிக் குடுத்தேன். அன்னிக்குக் கல்யாண விருந்துல ரொட்டிமேல அந்தக் குறையை நீ எத்தனை தடவை தடவித் தின்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தக் குறையைக் கண்டுபிடிக்க ஒரு சங்கம்! அதுக்கு ஒரு வகுப்பு! அதுக்கு நீ வாத்தியார்!"

 டேரிலின் கண் கிளாஸிலேயே இருந்தது. அடியில் கடைசி மிடறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மாமனாரின் கை மெல்லக் கைப்பிடிக் கட்டைப் பக்கம் போனது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று டேரில் கண்ணை மூடிக்கொண்டார்.

கை பாதி வழியில் நின்றது. மாமனார் கிளாஸுக்குள் பார்த்தார். யோசித்தார். பால் பண்ணைக்காரர், வெண்ணெயை வீணாக்கிப் பழக்கமில்லை. அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கிளாஸை 'ணங்'கென்று மேஜைமேல் வைத்தார்.

"குறையே இல்லாத உன் பீரை நீயே வச்சுக்க. எனக்கு இதைக் காய்ச்சு. கிறிஸ்துமஸுக்கு வேணும்."

டேரில் கண்ணைத் திறந்தபோது கிளாஸ் காலியாக இருந்தது. காலியானதைத்தான் பார்க்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். வேடிக்கை அதற்கப்புறம்தான். தேவாலயத்துப் பாதிரியார் வாழ்த்துச் சொல்ல அப்போதுதான் வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் கால் புல்தரையில் படுவதற்குள் வெர்லின் ஷூமாக்கர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு எதிரே போனார். வாழ்நாளெல்லாம் டப்பாவைத் தவிர எதையும் தொடாத அந்த மனிதர், கிளாஸைச் சாய்த்துப் பிடித்துப் பதமாக ஊற்றினார். வெயிலில் தூக்கிக் காட்டினார். "மாப்பிள்ளை காய்ச்சினது. அவனுக்கு இதோட அருமை தெரியல. வெண்ணெய் வருதா பாருங்க. உடனே முழுங்கிடாதீங்க, வாயில வைங்க, வைங்க..." என்று சொல்லிவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து, இடுப்பில் கை வைத்து, பாதிரியாரின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் டேரில் வந்து நின்றுகொண்டார். லோனியும் வந்தார். பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். ருசிக்கிறாரா, ஜெபிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"என்ன பாதர், பேச்சையே காணோம்?" என்றார் மாமனார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். பீரையே கண்ணால் பார்த்ததில்லை, நமக்கும் இந்த இனத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே? அந்த மாமனாரும் அப்படித்தான் இருந்தார். எத்தனையோ பண்டிகைகள் தப்பித்து ஓடிய மனிதர், ஒரே மத்தியானத்தில் பிடிபட்டுவிட்டார். ஆகையால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அடுத்த தடவை வீட்டுக்கு வந்தவருக்கு உங்கள் கையால் போட்ட காப்பியையோ, நீங்களே கிண்டிய அல்வாவையோ கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்று பாருங்கள். நிற்க முடிகிறது, இல்லையா? முகத்தைப் பார்க்கவே இல்லை, இல்லையா? ரொம்ப சந்தோஷம். ஜன்னல் கண்ணாடியில் அவர் முகம் விழுகிற இடமாகத் தேடி ஓரடி நகர்ந்தீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.